வடக்குச் சுவருக்கு எப்போ வெயில் வரும்? (வேலூர் வட்டாரப் படங்கள்)

ஞாயிற்றுக்கேமரா, சத்துவாச்சாரி | ஜனவரி 5, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். ராணிப்பேட்டை பக்கம் ஒரு தோல் கம்பெனியில கணக்கு வேலை பார்க்கிறேன். வாரத்துல ஞாயிறு ஒண்ணுதான் எனக்கு. மூணு வருஷமா அந்த ஞாயிறு கேமராவோட போகுது. செகண்ட் ஹேண்டுல வாங்கின டிஎஸ்எல்ஆர், கூட வந்த 18-55 லென்ஸ், அப்புறம் காசு சேர்த்து வாங்கின ஒரு 50 லென்ஸ். இவ்வளவுதான் என் சாமான்.

இன்னிக்கு எங்க அம்மா பொறந்த ஊருக்குப் போயிருந்தேன். பாலாத்தங்கரை கிராமம். அங்க சின்னதா ஒரு சிவன் கோயில், முழுக்கக் கருங்கல். கருவறையைச் சுத்தி மூணு பக்கமும் கல்வெட்டு இருக்கு. காலையில எட்டரை மணிக்குத் தெற்குச் சுவர்கிட்ட நின்னேன். வெயில் சுவரை உரசிக்கிட்டு சாய்வா வந்து விழுது. கோஷ்டத்துல, அதாவது சுவர் மாடத்துல, இருக்கிற தட்சிணாமூர்த்திக்கு மேல ஆலமரத்து இலை ஒவ்வொண்ணும் தனித்தனியா எழுந்து நிக்குது. காலடியில கிடக்கிற முயலகன் பல்லைக் கடிச்சிக்கிட்டு இருக்கான்னு எனக்கு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. சின்ன வயசுலேர்ந்து சுத்தி வர்ற கோயில் அது.

அதே கையோட வடக்குச் சுவருக்குப் போனேன். ஒண்ணுமே இல்ல. சாம்பல் பூசின மாதிரி தட்டையா இருக்கு. எழுத்தை விரலால தடவினா தெரியுது, கண்ணுக்குத் தெரியல, படத்துல சுத்தமா இல்ல. நாப்பது படம் எடுத்தேன், நாப்பதும் வீண்.

இதுக்கு வேற லென்ஸ் வேணுமா? ஃபிளாஷ் வாங்கணுமா? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க. அந்தக் கோயில்ல இந்த வருஷம் திருப்பணி ஆரம்பிக்கப் போறாங்க. அதுக்குள்ள அந்தச் சுவரை முழுசா எடுத்து வெச்சிடணும்னு ஆசை.

---

செல்போன்கண், ராணிப்பேட்டை | ஜனவரி 5, இரவு 10:15

அண்ணா, இதுக்கு இன்னாத்துக்கு லென்ஸு? போன்ல எடுத்து எடிட்ல கான்ட்ராஸ்டை ஏத்துங்க. நான் கோட்டைச் சுவரை அப்படித்தான் எடுத்தேன், நல்லாவே வந்துச்சு.

---

ஞாயிற்றுக்கேமரா, சத்துவாச்சாரி | ஜனவரி 5, இரவு 10:50

தம்பி, வீட்டுக்கு வந்ததும் அதைத்தான் செஞ்சு பார்த்தேன். கான்ட்ராஸ்டை ஏத்தினா எண்ணெய்க் கறையும் பாசியும் பளிச்சுன்னு ஏறி நிக்குது, எழுத்து அப்படியே கிடக்குது. யோசிச்சா காரணம் புரியுது. எழுத்துக்குன்னு தனி நிறம் கிடையாது. கல்லுல வெட்டின பள்ளம் அது. பள்ளத்துல நிழல் விழுந்தாத்தான் எழுத்து. நிழலே விழாதப்போ எடிட்ல எதை ஏத்துறது?

---

ஓய்வாசிரியர், ஆற்காடு | ஜனவரி 6, காலை 6:20

தம்பி சரியான இடத்தைத் தொட்டிருக்கிறீர்கள். முப்பது ஆண்டுகள் வரலாறு நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன். கல்வெட்டுத் துறையினர் எழுத்தைக் கண்ணால் மட்டும் பார்த்துப் படிப்பதில்லை, மைப்படி எடுப்பார்கள். சுவரைக் கழுவி, நனைத்த காகிதத்தை ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டிப் பள்ளத்துக்குள் இறக்குவார்கள். பிறகு மையை ஒற்றினால் சுவர் கறுப்பாகும், எழுத்து வெள்ளையாக நிற்கும். கைப்பழக்கமும் அனுமதியும் வேண்டிய வேலை. நாம் செய்யக் கூடாது.

அதே போல, எழுத்து தெரிய வேண்டும் என்று சாக்பீஸ் தூளோ கோலமாவோ தேய்க்காதீர்கள். பல ஊர்களில் பார்த்திருக்கிறேன், மனம் கேட்பதில்லை. நமக்கு உகந்த மை வெயில்தான்.

திருப்பணி என்று எழுதியிருப்பதைப் படித்ததும் எனக்கு இன்னொன்று நினைவுக்கு வந்தது. பல ஆண்டுகளுக்கு முன் நான் அடிக்கடி போகும் ஒரு கோயிலில் சுவரைப் புதுசாகக் காட்ட வேண்டும் என்று மணலை வேகமாகப் பீய்ச்சி அடித்தார்கள். அடுத்த முறை போனபோது சுவர் வழவழவென்று இருந்தது. என் மாணவர்களை அழைத்துப் போய் விரல் வைத்துப் படிக்கச் சொன்ன வரிகள் அவை. ஒன்றும் மிச்சமில்லை. என்னிடம் ஒரு படம்கூட இல்லை. அதனால் உங்கள் வடக்குச் சுவரை எப்படியாவது எடுத்துவிடுங்கள்.

நேரம் கிடைத்தால் மேல்பாடிக்கும் போய் வாருங்கள். பொன்னையாற்றங்கரையில் அரிஞ்சய சோழனுக்கு முதலாம் இராசராசன் எடுப்பித்த பள்ளிப்படைக் கோயில், அதாவது இறந்த அரசனின் நினைவுக் கோயில், இருக்கிறது. அரிஞ்சயனை ‘ஆற்றூர்த் துஞ்சின தேவர்’ என்று அங்குள்ள கல்வெட்டு சொல்லும். ‘இறந்த’ என்று எழுத மனம் வராமல் ‘துஞ்சின’, அதாவது உறங்கிய, என்று எழுதியவனை நினைத்துக்கொண்டு அந்தச் சுவரைப் பாருங்கள்.

---

தொலைநோக்கி, வாணியம்பாடி | ஜனவரி 6, இரவு 8:05

லென்ஸ் வாங்காதீங்க. காத்திருங்க. உங்களுக்கு வேண்டியது ஆனி மாசம்.

இப்போ மார்கழி. சூரியன் தெற்குல இருக்கு. இந்த வாரம் உச்சி வேளையிலகூட நம்ம தலைக்கு நேரா வராது, தெற்கே 35 டிகிரி சாஞ்சுதான் நிக்கும். அதனால தெற்குச் சுவருக்கு நாள் முழுக்க வெயில், வடக்குச் சுவருக்கு முழு நாளும் நிழல். கிழக்கு மேற்கா நேரா கட்டின கோயிலா இருந்தா, செப்டம்பர் 23லேர்ந்து மார்ச் 21 வரைக்கும் வடக்குச் சுவர் மேல நேர் வெயில் ஒரு பொட்டுகூடப் படாது. நீங்க நாப்பது படம் இல்ல, நாலாயிரம் எடுத்தாலும் அப்படித்தான் வரும்.

மார்ச் 21 தாண்டினதும் காலையிலயும் சாயங்காலமும் வடக்குப் பக்கம் எட்டிப் பார்க்க ஆரம்பிக்கும். வேலூர் அட்சரேகை 12.9 டிகிரி. ஏப்ரல் 24 வாக்குல, அதாவது சித்திரை 11 வாக்குல, உச்சியில சூரியன் சரியா தலைக்கு மேல வரும். நட்டு வெச்ச குச்சிக்கு நிழலே இருக்காது. அதுக்கப்புறம் ஆகஸ்ட் 18 வரைக்கும், ஆவணி பொறக்கிற வரைக்கும், உச்சி வெயிலே வடக்குப் பக்கம்தான். ஜூன் 21 அன்னிக்குக் கிழக்கிலேர்ந்து 24 டிகிரி வடக்கே தள்ளி உதிக்கும். அன்னிக்கு எட்டு மணி வாக்குல வந்தா வெயில் வடக்குச் சுவரை வெறும் 20 டிகிரி கோணத்துல உரசிக்கிட்டுப் போகும். கத்தியைத் தீட்டுற மாதிரி.

எனக்கு இது நிலாவைப் பார்த்துப் பழகினது. பௌர்ணமி அன்னிக்கு டெலஸ்கோப்ல பாருங்க, வெள்ளைத் தட்டு மாதிரி தெரியும், பள்ளம் ஒண்ணும் எடுபடாது. அஷ்டமி அன்னிக்குப் பாருங்க. வெளிச்சமும் இருட்டும் சந்திக்கிற கோட்டுல ஒவ்வொரு பள்ளமும் கிணறு மாதிரி தெரியும். சின்ன வயசுல அப்பா ஒரு சனிக்கிழமை காவலூர் வானாய்வகத்துக்குக் கூட்டிட்டுப் போனார். ஜவ்வாது மலை மேல, 1986ல தொடங்கி வெச்ச 2.3 மீட்டர் தொலைநோக்கி இருக்கிற இடம். அங்க ஒரு சின்ன டெலஸ்கோப்ல எனக்கு அரை நிலாவைக் காட்டினாங்க. அன்னிக்குப் பிடிச்சது. உங்க சுவரும் நிலாவும் எனக்கு ஒரே கணக்குதான்.

---

கத்திரிப்பூ, குடியாத்தம் | ஜனவரி 6, இரவு 9:30

தொலைநோக்கி சார், இதைப் படிச்சிட்டு எழுந்து போய் என் சமையக்கட்டைப் பார்த்துட்டு வந்து எழுதுறேன்.

எங்க சமையக்கட்டு ஜன்னல் வடக்குப் பார்த்தது. எப்பவும் சீரான மெத்துன்னு ஒரு வெளிச்சம் வரும், காய்கறியெல்லாம் நான் அங்க வெச்சுத்தான் எடுப்பேன். ஆனா ஒரு படம் மட்டும் திரும்ப எடுக்கவே முடியல. போன வருஷம் இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் வாங்கிட்டு வந்து மேடையில வெச்சிருந்தேன். காலையில டிபன் வேலையில இருக்கும்போது ஜன்னல் வழியா ஒரு விரல் அகலத்துக்கு வெயில் சாஞ்சு வந்து அந்தக் காய் மேல மட்டும் விழுந்துச்சு. காம்பைச் சுத்தியிருக்கிற பச்சைத் தொப்பியில ஒவ்வொரு முள்ளும் நுனியில ஒளியோட, ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல ஊசி மாதிரி நிழலோட நின்னுச்சு. அடுப்பை அணைச்சிட்டு ஓடிப் போய் எடுத்தேன். நான் எடுத்ததுலயே எனக்குப் பிடிச்ச படம் அதுதான்.

அப்புறம் எத்தனையோ நாள் அதே இடத்துல காயை வெச்சுப் பார்த்துட்டேன், அந்த வெயில் வரல. எதிர் வீட்டுக்காரங்க மாடியில ஷீட் போட்டுட்டாங்க, அதனால மறைக்குதுன்னு நினைச்சிட்டு இருந்தேன். இப்போ அந்தப் படத்தோட தேதியைப் பார்த்தேன். ஜூன் 9, காலை 7:22.

---

ஞாயிற்றுக்கேமரா, சத்துவாச்சாரி | ஜனவரி 6, இரவு 10:10

சார், அக்கா, ரெண்டு பேருக்கும் நன்றி. இவ்வளவு நாளா எந்த ஊருக்குப் போகலாம்னு மட்டும்தான் பார்த்திருக்கேன். எந்த மாசம் போகணும்னு யோசிச்சதே இல்ல. சிவன் கோயில்ல தெற்குக் கோஷ்டம் தட்சிணாமூர்த்தி, வடக்குல பிரம்மாவும் துர்க்கையும். அப்போ தட்சிணாமூர்த்தியை எடுக்க மார்கழி, தை. துர்க்கையை எடுக்க ஆனி. டைரியில எழுதி வெச்சிட்டேன்.

---

அகழிநடை, வேலூர் | ஜனவரி 12, காலை 11:00

நான் தினமும் காலையில கோட்டை அகழியைச் சுத்தி நடக்கிறவன். கையில கேமரா இருக்கும், பெரும்பாலும் நீர்க்காகமும் மடையானும்தான் எடுப்பேன். நீர்க்காகம் மதில் கல் மேல இறக்கையை விரிச்சுக் காய வைக்கிறது எனக்கு அலுக்கவே அலுக்காது.

என் சந்தேகம் வேற. கோட்டைக்குள்ள இருக்கிற ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபம். உள்ள நுழைஞ்சதும் இடது கைப் பக்கம். அந்தத் தூண்ல இருக்கிற குதிரை வீரனையும் யாளியையும் பல தடவை எடுத்துட்டேன். காலையில போனா நல்ல வெளிச்சம்னு சொல்றாங்க, ஆனா மண்டபத்துக்குள்ள கும்மிருட்டு. அங்க எந்த மாசத்துலயும் நேர் வெயில் உள்ள வராதே, அதுக்கு என்ன வழி?

---

ஞாயிற்றுக்கேமரா, சத்துவாச்சாரி | ஜனவரி 12, மாலை 7:30

அண்ணே, அங்க மட்டும் நான் எல்லாரும் வேண்டாம்னு சொல்ற நேரத்துல போவேன். பதினொண்ணரைலேர்ந்து ஒரு மணி வரைக்கும். வெளியில நம்ம ஊர் வெயில் மண்டையைப் பொளக்குது, கல் தரையில கால் வைக்க முடியல. அந்தத் தரைதான் அப்போ விளக்கு. வெயில் முற்றத்துத் தரையில அடிச்சு எதிரொளிச்சு மண்டபத்துக்குள்ள கீழேர்ந்து மேல போகும். யாளியோட வாய்க்குள்ள, குதிரையோட அடிவயித்துல, மத்த நேரத்துல இருட்டா இருக்கிற இடத்துல எல்லாம் மெதுவா வெளிச்சம் ஏறும். விதானம்கூடத் தெரியும். அங்கேயும் முற்றத்துப் பக்கம் இருக்கிற தூண் வரிசையில ஆரம்பிங்க, உள்ள போகப் போக வெளிச்சம் குறையும்.

ரெண்டு சின்ன விஷயம். கருங்கல் கறுப்பா இருக்கிறதால கேமரா தானா வெளிச்சத்தைக் கூட்டி வெச்சு கல்லை வெளுக்க வைக்கும். நான் எக்ஸ்போஷரை முக்கால் ஸ்டாப் குறைச்சு வெப்பேன். அப்பதான் கல் கல்லா இருக்கும். இன்னொண்ணு, எண்ணெய் ஏறின சிற்பத்துல பளபளப்பு கண்ணை அடிச்சா போலரைசர் மாட்டித் திருப்பிப் பாருங்க, பாதிக்கு மேல அடங்கிடும். டிரைபாடுக்குத் தொல்லியல் துறை அனுமதி வேணும், அதனால தூண்ல தோளைச் சாய்ச்சுக்கிட்டு மூச்சைப் பிடிச்சுத்தான் எடுக்கணும். சாமி சன்னதிப் பக்கம் கேமராவைத் திருப்ப வேண்டாம்.

எங்க தாத்தா காலத்துல வேலூரைப் பத்தி ‘ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு’ன்னு சொல்லுவாங்க. 1981ல சத்துவாச்சாரியிலேர்ந்து லிங்கத்தைக் கொண்டு வந்து திரும்ப வெச்சாங்க. நான் மண்டபத்துல படம் எடுக்கிறப்போ உள்ளேர்ந்து மணிச்சத்தம் கேக்குறது எனக்குச் சாதாரண விஷயம் இல்ல.

---

செல்போன்கண், ராணிப்பேட்டை | பிப்ரவரி 9, இரவு 8:45

அண்ணா, மகேந்திரவாடி போயினு வந்தேன். நீங்க இன்னா மாசம், இன்னா நேரம்னு பேசினு இருந்தீங்கோ, அதான் நானும் காலையில சீக்கிரமே கிளம்பிட்டேன். வயல் நடுவுல ஒரே ஒரு பாறை, அதைக் குடைஞ்சு கோயில் பண்ணியிருக்காங்கோ. ரொம்பச் சின்னது. தூண்ல தாமரை மாதிரி வட்டம். போன்தான், ஆனா இந்தத் தடவை எடிட்டே பண்ணல. நேரா நின்னு எடுத்தது தட்டையா வந்துச்சு, ரெண்டு அடி பக்கவாட்டுல நகர்ந்து, வெளிச்சத்தை ஓரத்துல வர மாதிரி வெச்சு எடுத்ததுல இதழ் இதழா வந்துச்சு.

---

ஓய்வாசிரியர், ஆற்காடு | பிப்ரவரி 9, இரவு 9:30

மிக நன்று தம்பி. அது முதலாம் மகேந்திரவர்மன் திருமாலுக்குக் குடைவித்தது. மகேந்திர விஷ்ணு கிருகம் என்று அங்கேயே கல்வெட்டு உண்டு. பக்கத்தில் இருந்த ஏரிக்கும் மகேந்திர தடாகம் என்று அவன் பெயரே. அடுத்த முறை போகும்போது தூணில் உள்ள எழுத்தையும் எடுத்து இங்கே போடுங்கள். பல்லவர் காலத்துக் கிரந்தம், அழகான எழுத்து.

---

தொலைநோக்கி, வாணியம்பாடி | பிப்ரவரி 15, மாலை 6:00

இன்னிக்கு விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீஸ்வரர் கோயில். மன்னார்குடி மதிலழகுன்னு தஞ்சாவூர்க்காரங்க சொல்லுவாங்க, நாங்க விரிஞ்சிபுரம் மதிலழகுன்னு சொல்லுவோம். இந்த விவகாரம் தீராது, தீரவும் வேண்டாம்.

நான் போனது நேரம் காட்டுற கல்லுக்காக. அரைவட்டமா கல்லுல எண் செதுக்கியிருக்கும். மேல இருக்கிற பள்ளத்துல ஒரு குச்சியை வெச்சா நிழல் விழுற எண்தான் மணி. ஒவ்வொரு மாசமும் ஒரு தடவை போய் நிழலையும் என் கைக்கடிகாரத்தையும் ஒரே படத்துல எடுத்துட்டு வர்றேன். இன்னிக்குக் கடிகாரம் பன்னிரண்டரையை நெருங்கும்போதுதான் கல்லுல பன்னிரண்டு. நவம்பர் முதல் வாரம் எடுத்த படத்துல ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணு.

கல் சரியாத்தான் இருக்கு. நம்ம கடிகாரம் காட்டுறது உத்தரப் பிரதேசத்துல மிர்சாபூர் பக்கம் போற 82.5 டிகிரி ரேகையோட நேரம். வேலூர் அதுக்கு மேற்கே இருக்கு, அதனால நமக்கு சூரியன் 13 நிமிஷத்துக்கு மேல தாமதமாத்தான் உச்சிக்கு வரும். அதோட பூமி சூரியனைச் சுத்துற வேகம் கூடிக் குறையுறதும் அச்சோட சாய்வும் சேர்ந்து, மாசி வாக்குல இன்னொரு 14 நிமிஷம் தள்ளிப் போகும், நவம்பர்ல 16 நிமிஷம் முன்னாடி வரும். இதைப் புத்தகத்துல எத்தனையோ தடவை படிச்சிருக்கேன். ஆறு படத்தை வரிசையா அடுக்கி வெச்சுப் பார்த்தப்போதான் மனசுக்குள்ள இறங்குச்சு.

---

கத்திரிப்பூ, குடியாத்தம் | மே 17, இரவு 10:00

வைகாசி ஒண்ணு எங்க கெங்கையம்மன் சிரசுத் திருவிழா முடிஞ்சு ரெண்டு நாள் ஆச்சு, காதுல இன்னும் பம்பைச் சத்தம். கல்லுக்குச் சொன்னதை மனுஷங்களுக்குப் பண்ண முடியல. உச்சி வெயில் தலைக்கு மேல, எல்லார் கண்ணும் இருட்டுக் குழி. ஆனா சாமி வந்தவங்க மேல மஞ்சத் தண்ணி ஊத்தினப்போ நனைஞ்ச தரையிலேர்ந்து முகத்துக்கு வெளிச்சம் ஏறுச்சு. ஞாயிற்றுக்கேமரா தம்பி மண்டபத்துக்குச் சொன்னது அப்போ ஞாபகம் வந்துச்சு. சாமி வந்த நேரத்துல நான் யாரையும் கிட்டப் போய் எடுக்க மாட்டேன். அப்புறம் அவங்ககிட்ட போய்க் கேட்டு, சரின்னு சொன்னா எடுப்பேன். ஒரு பாட்டி ஈரத் தலையோட சிரிச்சாங்க. அந்த ஒரு படம் போதும்.

சமையக்கட்டுல இன்னிக்குக் காலையில வெயில் திரும்ப வந்துடுச்சு. இன்னும் கொஞ்சம் மெல்லிசா இருக்கு. எதிர் வீட்டு ஷீட் ஒண்ணும் பண்ணல.

---

ஞாயிற்றுக்கேமரா, சத்துவாச்சாரி | ஜூன் 22, இரவு 9:15

ஆனி 8. போயிட்டு வந்தேன்.

விடியக்காலை நாலரைக்கு வண்டியை எடுத்தேன். அம்மாவும் வரேன்னாங்க. கோயில் கதவைத் திறக்கும்போது வடக்குச் சுவர் இருட்டு, ஜனவரியில இருந்த அதே சாம்பல். ஏழு மணிக்குத் தென்னை மட்டைக்கு நடுவுல மொதல் வெயில் சுவரோட கிழக்கு ஓரத்துல ஒட்டுச்சு. அங்கேர்ந்து ஒவ்வொரு கல்லா நகர்ந்து வருது. கல்லுல வெயில் படுறதுக்கு முன்னாடி அது வெறும் கல். பட்ட உடனே எழுத்து. என் கண் முன்னால வரி வரியா எழுதிக்கிட்டே வர்ற மாதிரி இருந்துச்சு. அம்மா குங்குமக் கிண்ணத்தைக் கையில வெச்சிக்கிட்டு அப்படியே நின்னுட்டாங்க.

எஃப் 8, ஐஎஸ்ஓ 100, அதே பழைய 50 லென்ஸ். ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு படம், பக்கத்துப் படத்தோட மூணுல ஒரு பங்கு சேர்ற மாதிரி எடுத்தேன். எட்டரைக்குள்ள 64 படம். ஒன்பதரைக்குக் கபோதத்தோட, அதாவது சுவருக்கு மேல வெளியே நீட்டிக்கிட்டு இருக்கிற கல் விளிம்போட, நிழல் கீழே இறங்கி மேல் வரியை மூட ஆரம்பிச்சிடுச்சு. துர்க்கையையும் எடுத்தேன், கையில சங்கு சுழி சுழியா வந்திருக்கு.

ஐயா, நாலு படம் இதோட சேர்த்திருக்கேன். ‘ஸ்வஸ்திஸ்ரீ’ நானே படிச்சிட்டேன். மீதியை நீங்க பார்த்துச் சொல்லுங்க.

---

ஓய்வாசிரியர், ஆற்காடு | ஜூன் 23, காலை 5:50

இரவு தூங்கவில்லை. பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்வெட்டில் மெய்க்குப் புள்ளி இருக்காது, எகர ஏகார வேறுபாடும் இருக்காது, அதனால் மெதுவாகத்தான் படிக்க முடிந்தது. உங்கள் இரண்டாவது படத்தில் மூன்றாவது வரி: ‘நந்தா விளக்கு ஒன்றுக்கு’. அடுத்த வரி: ‘சாவா மூவாப் பேராடு தொண்ணூறு’.

அணையாமல் எரிய ஒரு விளக்குக்குத் தொண்ணூறு ஆடு கொடுத்திருக்கிறார்கள். சாகாத, மூப்படையாத ஆடுகள் என்றால், மந்தையில் ஒன்று இறந்தால் குட்டி அதன் இடத்தை நிரப்பும், எண்ணிக்கை குறையாது, நெய்யும் நிற்காது என்று பொருள். யார் கொடுத்தது என்பது நான்காவது படத்தின் வலது ஓரத்தில் வர வேண்டும். அங்கே ஒரு சிமெண்ட் பூச்சு மறைக்கிறது.

---

ஞாயிற்றுக்கேமரா, சத்துவாச்சாரி | ஜூன் 23, இரவு 9:00

ஐயா, இதை அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். அந்தக் கோயில்ல வெள்ளிக்கிழமை விளக்குக்கு எண்ணெய் ஊத்துறது எங்க பாட்டி வேலை, இப்போ எங்க மாமி. அம்மா ஒண்ணும் பேசல, போனை வாங்கி அந்த வரியை விரலால தடவிப் பார்த்தாங்க.

திருப்பணிக் கமிட்டியில எங்க மாமாவுக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்க. படத்தை எல்லாம் பெரிசா பிரிண்ட் போட்டு எடுத்துட்டுப் போறேன். வடக்குச் சுவர்ல மணல் அடிக்க வேண்டாம், வெறும் தண்ணி விட்டுக் கழுவினா போதும்னு கேக்கப் போறோம். ஐயா கூட வந்தீங்கன்னா பேச்சுக்கு எடை கூடும். அந்த சிமெண்ட் பூச்சை எடுக்கத் தெரிஞ்ச ஆளையும் விசாரிச்சிட்டு இருக்கேன்.

ஆவணி பொறக்க இன்னும் எட்டு ஞாயிறு இருக்கு.

---

ஓய்வாசிரியர், ஆற்காடு | ஜூன் 23, இரவு 9:20

வருகிறேன். ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஆற்காடு பேருந்து நிலையத்தில் நிற்பேன்.